தலவாக்கலையில் மாமா வீடு, கையில் நாலு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

இரணைமடுக்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். சித்திரை வருஷ விடுமுறையில் கிளிநொச்சியிலிருந்து மலைநாட்டிலுள்ள தலவாக்கலைக்குக் குடும்பத்தோடு போக இருக்கிறோம். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் தாய்மாமா இருக்கிறார். அம்மாவும் அதே தோட்டத்தில்தான் பிறந்தவர். 1977 இனக் கலவரத்துக்குப் பிறகு தாத்தா அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்துவிட்டார். மாமா அப்போதே தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்துகொண்டிருந்ததால் அங்கேயே நின்றுவிட்டார். பிறகு யுத்தம், பாதை மூடல். கல்யாணம், செத்தவீடு தவிர அண்ணனும் தங்கையும் நேரில் சந்தித்ததே குறைவு.

இப்போது மாமா வேலையை விட்டு வீட்டில் இருக்கிறார். அத்தைக்குச் சுகமில்லை. மச்சான் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார், அவருடைய மனைவி கொழுந்து எடுக்கிறார். இன்னமும் லயத்தில்தான் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) இருக்கிறார்கள்.

வருகிறவர்கள்: அம்மா (முழங்கால் வருத்தம்), நான், கணவர், பன்னிரண்டு வயது மகன், ஏழு வயது மகள், என் மாமியார். மாமியார் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர். மலைநாடு என்றால் அவருக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்த நுவரெலியாப் பூங்காதான். "லயத்துக்குள்ளே போய் நாங்கள் எல்லோரும் எப்படி?" என்று இப்போதே முகத்தைச் சுளிக்கிறார். அதைக் கேட்டு அம்மாவின் முகம் சுருங்குகிறது. நடுவில் நான்.

கணவர் போட்டிருக்கும் திட்டம் இது. முதல் நாள் கண்டி, இரண்டாம் நாள் நுவரெலியா, மூன்றாம் நாள் விடிய ஹோட்டன் சமவெளி, பின்னேரம் மாமா வீடு, நாலாம் நாள் எல்ல போய் ஒன்பது வளைவுப் பாலம் பார்த்துவிட்டு அன்றிரவே கிளிநொச்சிக்குத் திரும்புவது. அம்மா இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கேட்ட நாளிலிருந்து சரியாகக் கதைப்பதும் இல்லை.

இது சரிவருமா? மாமா வீட்டில் தங்கலாமா, அல்லது வெளியே அறை எடுப்பதுதான் அவர்களுக்கும் வசதியா? கையில் என்ன கொண்டுபோவது? அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்.

ஹட்டன் வான்காரன்:

அக்கா, அண்ணனிடம் சொல்லுங்கள், இந்தத் திட்டத்துக்கு வான் போதாது, ஹெலிகொப்டர் வேண்டும்.

எல்லவிலிருந்து அன்றிரவே கிளிநொச்சிக்கு எந்த ஓட்டுநரும் சம்மதிக்க மாட்டான். சம்மதித்தால் அவனோடு ஏறாதீர்கள். வெலிமடை, நுவரெலியா, கண்டி என்று அத்தனை வளைவையும் இறங்கி, பிறகு ஏ9 யாழ்ப்பாணப் பாதையில் இன்னும் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். அந்தப் பாலம் 1921இலிருந்து அங்கேயேதான் நிற்கிறது. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஏப்ரலில் நுவரெலியா. வசந்த காலம் என்று மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கார் பந்தயம் எல்லாம் அந்த மாதத்தில்தான். கொழும்பே மேலே ஏறி வந்துவிடும். அறை வாடகையை வாய்க்கு வந்தபடி சொல்வார்கள். கிரகரி வாவியைச் சுற்றி வாகனம் நகராது. அங்கே இரவு தங்கும் எண்ணத்தை விடுங்கள். பகலில் போய்வந்தால் போதும்.

ஹோட்டன் சமவெளி, அங்கேயுள்ள உலக முடிவு என்ற மலை விளிம்பு: உள்ளே ஒரு சுற்று நடக்க ஒன்பது கிலோமீட்டருக்கு மேல். முழங்கால் வருத்தத்தோடு அம்மாவை அங்கே கூட்டிப்போகவே வேண்டாம். பத்து மணிக்குப் பிறகு பனிமூட்டம் ஏறிவிட்டால் உலக முடிவில் வெள்ளைத் திரைதான் தெரியும்.

பாதை என்னைக் கேட்டால்: போகும்போது கண்டி, கம்பளை, புசல்லாவ, தவலந்தன்னை. அங்கே வலது பக்கம் பிரிந்து புண்டுலோயா வழியாகத் தலவாக்கலை. நுவரெலியாவுக்கு ஏறி இறங்கும் வேலை மிச்சம், கூட்டமும் இல்லை. திரும்பும்போது நுவரெலியா, லபுகலை, றம்பொடை என்று இறங்குங்கள். ஒரே பாதையை இரண்டு முறை பார்க்கத் தேவையில்லை.

தோட்டத்துக்குள் போகும் கடைசித் துண்டு எப்படி என்று மாமாவிடம் கேளுங்கள். சில தோட்டப் பாதைக்குள் வான் இறங்கினால் வயிறு தட்டும். அப்படியானால் வானை டவுனில் நிறுத்திவிட்டு ஆட்டோ பிடிப்பது நல்லது. தோட்டத்தின் பேரைக் கூகிளில் தேடாதீர்கள். வரைபடத்தில் இங்கிலீஷ் பேர் இருக்கும், ஆட்டோக்காரனுக்குத் தெரிந்தது எங்கள் ஆட்கள் வைத்த பேர். இரண்டையும் மாமாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த டிவிசன் என்பதையும் கேளுங்கள். ஒரே தோட்டத்தில் மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் நடுவே ஒரு மலையே இருக்கும்.

ஓய்வுபெற்ற டீச்சர், தலவாக்கலை:

மகளே, நான் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்தவள். லயத்தில் பிறந்தவள். வான்காரத் தம்பி பாதையைச் சொல்லிவிட்டார், நான் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

உங்கள் கணவரின் திட்டத்தில் மாமா வீட்டுக்குக் கிடைத்திருப்பது ஒரு பின்னேரம். அம்மா ஏன் கதைப்பதில்லை என்று கேட்கவே வேண்டாம். நாலு நாளில் இரண்டு இரவு தோட்டத்துக்குக் கொடுங்கள். மிச்சம் இருக்கும் நேரத்தில் என்ன பார்க்க முடிகிறதோ அதைப் பாருங்கள்.

எந்த நாளில் போவது என்பது முக்கியம். கொழுந்து எடுக்கும் பிள்ளை ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் (அந்த நாள் வேலைப் பதிவு) போய்விடும், சம்பளத்தில் அது தெரியும். வேலை நாளில் நீங்கள் போய் இறங்கினால் உங்கள் மச்சான் மனைவி பேரை விட்டுவிட்டுச் சமைக்க நிற்பாள். வாய் திறந்து சொல்லமாட்டாள். வருஷப் பிறப்பை ஒட்டியோ ஞாயிற்றுக்கிழமையோ போனால் அந்தச் சங்கடம் இல்லை. வருஷத்துக்குக் கொழும்பில் நிற்கும் பிள்ளைகள் எல்லாம் ஊருக்கு வருவார்கள், உங்கள் மச்சானையும் பார்க்கலாம். பங்குனி, சித்திரையில் பல தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாவும் நடக்கும். மாமா தோட்டத்தில் எப்போது என்று கேளுங்கள். தப்பும் கரகமும் காவடியுமாக இருக்கும் நாளில் போய்ச் சேர்ந்தால் உங்கள் பிள்ளைகளுக்கு வேறெதுவும் காட்டத் தேவையில்லை. அந்தத் தேதிக்காகப் பயணத்தையே மாற்றினாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

தங்குவது பற்றி. பழைய லயத்துக் காம்பரா (ஒரு குடும்பத்துக்கான அறை) என்றால் பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் ஒரு இஸ்தோப்பு (திண்ணை), பின்னால் குசினி. பிறகு அவரவர் வசதிக்கு இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஆறு பேர் கூடுதலாகப் படுப்பது கஷ்டம்தான். ஆனாலும் ஒருவரும் தங்காமல் எல்லோரும் அறை எடுத்துப் போய்விட்டால் மாமாவுக்கு அது காலத்துக்கும் ஆறாது. அம்மாவும் நீங்களும் மகளும் அங்கே படுங்கள். கணவர், மகன், மாமியார் மூவருக்கும் தலவாக்கலையிலோ ஹட்டனிலோ ஒரு அறை எடுங்கள். காரணத்தை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், "மாமியாருக்குக் குளிர் ஒத்துவராது, ஹீட்டர் உள்ள அறை வேண்டும்" என்று. பொய்யும் இல்லை. ஏப்ரல் இரவில்கூட வன்னிக்காரருக்கு இங்கே நடுங்கும், ஸ்வெட்டர் இல்லாமல் வராதீர்கள்.

மாமியாரைப் பற்றி ஒன்று சொல்வேன், கோபிக்காதீர்கள். அவருக்கு லயத்தைப் பற்றி வீட்டில் வகுப்பு எடுத்து வேலையில்லை. வழியில் காட்டுங்கள். ஏ9இல் வருகிறீர்கள் அல்லவா, மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயிலில் இறங்குங்கள். மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும் கோயில் அது, மத்தியானம் நடை சாத்துவதற்குள் வந்து சேருங்கள். இந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய நம் ஆட்கள் காட்டுவழியே நடந்து, வழியில் காய்ச்சலுக்கும் பசிக்கும் செத்தது போக மிச்சப் பேர் வந்து சேர்ந்த மலையடிவாரம் மாத்தளை. அங்கிருந்துதான் கோப்பித் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். தேயிலை அதற்கும் பிந்தியது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். கோப்பியை நோய் அழித்த பிறகுதான் மலை முழுக்கத் தேயிலை ஏறியது. 2023இல் நம் ஆட்கள் வந்த இருநூறு வருஷ நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து வந்தார்களே, கடைசி நாள் நானும் மாத்தளைக்குப் போய் நின்றேன். யாழ்ப்பாணத்து ஆட்களும் கூட நடந்து வந்திருந்தார்கள். இதை மாமியாரிடம் சொல்லுங்கள்.

கம்பளை, புசல்லாவப் பக்கம் நியூ பீகொக் தோட்டத்தில் ஒரு பழைய லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பிரதான பாதையிலிருந்து உள்ளே போகவேண்டும், முன்கூட்டி விசாரித்துவிட்டுப் போங்கள். சொந்தக்காரர் வீட்டு லயத்தைப் பார்ப்பதற்கு முன் அதைப் பார்த்துவிட்டால் முகம் சுளிப்பது தானாகவே குறையும் என்பது என் அனுபவம். டவுன் பாடசாலைகளிலிருந்து புதிதாக வந்த ஆசிரியர்களையும் நான் அங்கே கூட்டிப்போனதுண்டு.

கழிப்பறை வெளியே இருக்கலாம். இரவில் அம்மாவுக்கு டோர்ச் வேண்டும். இதைக் கேட்பதில் வெட்கம் இல்லை, மாமாவிடம் போனிலேயே கேளுங்கள்.

தோட்டத்தில் என்ன பார்ப்பது என்றால், அம்மாவை முன்னால் நடக்க விடுங்கள். பிறந்த காம்பரா, படித்த பாடசாலை, பிரட்டுக்களம் (காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் இடம்), பீலிக்கரை (தண்ணீர் பிடிக்கும் இடம்), கோயில் எல்லாம் அவரே காட்டுவார். அம்மா பிறந்த காம்பராவில் இப்போது வேறு குடும்பம் இருக்கும். மாமாவைக் கொண்டு சொல்லிவிட்டுப் போனால் உள்ளே அழைத்துத் தேத்தண்ணி தராமல் விடமாட்டார்கள். பெரியவர்களைப் புதைத்த இடத்தைக் கேட்டால் மாமா ஒரு தேயிலை மலையைத்தான் காட்டுவார். சில இடங்களில் புதைகுழியின் மேலேயே கன்று நட்டுவிட்டார்கள், அடையாளம் இருக்காது. அம்மாவை அதற்குத் தயார்ப்படுத்திக் கூட்டிப்போங்கள்.

ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையை, பார்க்க வேண்டுமென்றால் மாமா தோட்ட ஆபீஸில் சொல்லி அனுமதி எடுப்பார். லபுகலையில் சுற்றுலாக்காரருக்குக் காட்டுவதையே இங்கேயும் பார்க்கலாம்: கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, காய வைத்து, சலித்து. மகனுக்கு அது போதும் போதும் என்றாகிவிடும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். மச்சான் மனைவியைக் கூடை கட்டி நிற்கச் சொல்லிப் படம் எடுக்க வேண்டாம். பிரம்புக் கூடை இப்போது பெரும்பாலும் பாதையோரத்தில் சுற்றுலாக்காரருக்காக நிற்பவர்களிடம்தான் இருக்கிறது. மலையில் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, முதுகில் பையைப் போட்டுக்கொண்டுதான் எடுக்கிறார்கள். அவளைப் படம் எடுப்பதென்றால் புதுச் சேலையில் கோயிலுக்கு முன்னால் எடுங்கள்.

ஊர் பார்ப்பதற்கு ஒரு பகல் போதும். தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்கு மூன்றாம் வகுப்பு ரிக்கட் எடுத்து ரயிலில் ஏறுங்கள். வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், றதல்ல என்று அழகான துண்டு அது. மழையில் மண் சரிந்து பாதை மூடுவது இங்கே வழக்கம் என்பதால், ரயில் ஓடுகிறதா என்று ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டே திட்டம் போடுங்கள். நானுஓயாவில் வான் காத்திருக்கட்டும். நேராக சீதா எலியவுக்குப் போங்கள், ஆற்றோரத்தில் சீதையம்மன் கோயில். அதே பாதையில் இன்னும் கொஞ்சம் போனால் ஹக்கலைப் பூங்கா. 1861இல் கொயினா மருந்து எடுக்கும் சிங்கோனா மரத்துக்காகத் தொடங்கிய தோட்டம், அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். ஏப்ரலில் மத்தியானத்துக்குப் பிறகு இடி மழை வரும், எல்லாவற்றையும் காலையிலேயே முடியுங்கள். டெவன் அருவியும் சென்கிளேயர் அருவியும் ஹட்டன் பாதையில் வானில் இருந்தபடியே தெரியும். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்த பிறகு சென்கிளேயரில் பழைய தண்ணீர் இல்லை. அம்மா பார்த்துவிட்டு "இதுவா?" என்று கேட்பார்.

கையில் கொண்டுவர: பிஸ்கட் டின்னும் சோடாப் போத்தலும் இங்கேயே கிடைக்கும். வன்னிச் சாமான் கொண்டுவாருங்கள். புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு), பனங்கட்டி, நல்லெண்ணெய், முருங்கைக்காய், கருவாடு. குளிரில் முருங்கை எங்களுக்குச் சரியாகக் காய்ப்பதில்லை. கருவாட்டைப் பார்த்தால் மாமா உங்களைவிட அதைத்தான் முதலில் கட்டிப்பிடிப்பார்.

லயத்துப் பொடியன், இப்போது வத்தளை:

டீச்சர் சொன்னதில் பாதிக்கு எனக்குச் சம்மதமில்லை. மன்னியுங்கள் டீச்சர்.

விருந்தாளி வந்து தங்கும் வீட்டுக்குள்ளிருந்து பார்த்தவன் நான். சொந்தக்காரர் வருகிறார்கள் என்றால் அம்மா முதல்நாளே பாய், தலையணை, கம்பளி என்று லயம் முழுக்க இரவல் வாங்குவார். கோழிக்கும் அரிசிக்கும் கடையில் கொப்பியில் கடன் ஏறும். ஒருமுறை தோட்டை அடகு வைத்தார். வந்தவர்கள் "ஆஹா, என்ன அருமையான குளிர், என்ன அருமையான தேத்தண்ணி" என்று சந்தோஷமாகப் போனார்கள். தோடு திரும்பிவர மாதக்கணக்கு ஆனது. இரண்டு இரவு தங்கினால்தான் பாசம் என்பது வந்தவருக்குச் சுகமான எண்ணம். நடத்துபவர் அந்த இரண்டு இரவும் கணக்குப் போட்டுக்கொண்டே படுத்திருப்பார்.

பகல் முழுக்க இருங்கள், இரவில் எல்லோருமே வெளியே போய்ப் படுங்கள். அல்லது சாமானை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், கோழி எல்லாம். பணமாகக் கையில் கொடுத்தால் மாமா வாங்கமாட்டார்.

ஓய்வுபெற்ற டீச்சர், தலவாக்கலை:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. சாமான் விஷயத்தை நான் எழுதாமல் விட்டேன், அதை அவர் சொன்னபடியே செய்யுங்கள். தலவாக்கலை டவுனில் வாங்கிக்கொண்டு ஏறுங்கள், மாமா வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கினால் லயத்தில் கதை வரும்.

தங்கும் விஷயத்தில் நான் மாறமாட்டேன். இந்த அம்மா விருந்தாளி இல்லை, அந்த லயத்துப் பிள்ளை. சின்ன வயதில் போனவருக்கு அண்ணன் வீட்டில் பாய் போட்டுப் படுக்க ஒரு இரவாவது வேண்டும். குறைத்தால் இரண்டை ஒன்றாக்குங்கள், அதற்குக் கீழே போகாதீர்கள்.

இரணைமடுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இதையெல்லாம் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். எல்லவும் ஹோட்டன் சமவெளியும் போயிற்று. முதல் நாள் விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு மாத்தளைக் கோயில், பேராதனைப் பூங்காவில் பிள்ளைகளுக்கு ஒரு மணித்தியாலம், இரவு கம்பளையில். அடுத்த நாள் அருங்காட்சியகம், புண்டுலோயா வழியாக மாமா வீடு. அம்மாவும் நானும் மகளும் அங்கே ஒரு இரவு, முடிந்தால் இரண்டு. மூன்றாம் நாள் காலை ரயில், சீதா எலிய, ஹக்கலை, பின்னேரம் திரும்பவும் மாமா வீடு. நாலாம் நாள் றம்பொடை ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு இறக்கம்.

திருவிழாவைக் கேட்க அம்மா போன் எடுத்தார். தேதி இன்னும் வைக்கவில்லையாம். ஆனால் அண்ணனும் தங்கையும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தார்கள். மகன் சிங்கமலை ரயில் சுரங்கம் பார்க்க வேண்டும் என்கிறான், யாரோ பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். அது நாங்கள் ஏறும் துண்டில் வருமா?

மாமியார் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் புழுக்கொடியலைத் தானே கட்டித் தருவதாகச் சொன்னார். கருவாடு மூன்று கிலோ வாங்கப் போகிறோம்.

ஹட்டன் வான்காரன்:

சுரங்கம் ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் அக்கா, அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். தலவாக்கலையில் ஏறினால் வராது. அன்றைக்கு அண்ணனும் தம்பியும் பாட்டியும் ஹட்டனில் அறை எடுத்திருந்தால் அவர்கள் அங்கேயே ரயில் ஏறட்டும், நீங்கள் தலவாக்கலையில் அதே ரயிலில் ஏறுங்கள். எந்தப் பெட்டி என்று போனில் சொல்லிக்கொள்ளுங்கள். சுரங்கத்துக்குள் எல்லோரும் கூ என்று கத்துவார்கள், பாட்டியிடம் முன்பே சொல்லி வையுங்கள், பயந்துவிடப் போகிறார்.

மூன்று கிலோ கருவாட்டை இரண்டு பொலித்தீனில் சுற்றி, மூடி போட்ட வாளிக்குள் வைத்துக் கூரைமேல் கட்டச் சொல்லுங்கள். ஏசி போட்ட வானுக்குள் கிளிநொச்சியிலிருந்து கம்பளை வரை அதோடு வந்தால், அடுத்த ஹயருக்கு அந்த ஓட்டுநர் உங்கள் போனை எடுக்கமாட்டான்.